வைரஸ் ஒன்றுதான், ரத்தம் வேறு

தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் நீலகிரியில் கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் காய்ச்சல் ஓ.பி. நிரம்பிவிடும். அங்கே திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு: "ஒரே வீடு, ஒரே சோறு. அண்ணனுக்கு ரெண்டு நாள்ல எறங்கின காய்ச்சல், தம்பிய மட்டும் ஏன் இப்படிப் போட்டு அடிக்குது?" சத்தான சாப்பாடு இல்லை, மழையில் நனைந்தான், நேரம் சரியில்லை என்று ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். முதல் இரண்டிலும் உண்மை உண்டு. பிறவியிலேயே உடம்பில் வந்த வித்தியாசமும் ஒரு பதில்தான். ஆனால் அந்தக் கோணத்தில் யாரும் விசாரிப்பதில்லை.

கிருமி வெளியிலிருந்துதானே வருகிறது, பரம்பரைக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். டென்மார்க்கில், தத்துக் கொடுக்கப்பட்டு வேறு வீட்டில் வளர்ந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வு 1988இல் வெளியானது. பெற்றவர்களில் ஒருவர் 50 வயதுக்குள் தொற்றுநோயில் இறந்திருந்தால், வேறு வீட்டில் வளர்ந்த பிள்ளையும் இளவயதில் தொற்றில் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 6 மடங்கு கூடியிருந்தது. வளர்த்தவர்கள் தொற்றில் இறந்திருந்தால் பிள்ளைக்கு அப்படி எதுவும் கூடவில்லை. ஆக, பரம்பரைக்குப் பங்கு உண்டு. எந்த மரபணு, அது தெரிந்தால் நாளைக்குக் காலையில் நாம் எதை மாற்றிச் செய்வோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சிகிச்சையையோ தடுப்பையோ மாற்றாத மரபணுப் பரிசோதனைக்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்பது எங்கள் கட்சி.

பத்திரிகையில் அடிக்கடி வருவது சி.சி.ஆர்.5 மரபணு. அதில் 32 எழுத்துகள் விடுபட்ட வடிவம் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்திருந்தால், வழக்கமான எச்.ஐ.வி. அந்த உடம்பின் செல்லுக்குள் நுழைய முடியாது. 1996இல் தெரியவந்தது. அந்த வகை எலும்பு மஜ்ஜையை 2007இல் பெர்லினில் ஒருவருக்குப் பொருத்தியதில் எச்.ஐ.வி.யே அவர் உடம்பிலிருந்து போனது. ஆனால் இது வட ஐரோப்பியர்களிடம் காணப்படுவது, நம் ஊரில் மிக மிக அரிது. அதுவும் முழு வரம் இல்லை: அதே விடுபடல் இரட்டையாக இருப்பவர்களுக்கு வெஸ்ட் நைல் வைரஸ் தொற்றினால் நோய் கடுமையாகிறது. ஒரு வைரஸுக்குப் பூட்டிய கதவு இன்னொன்றுக்கு வசதியாகிவிடுகிறது.

அடுத்தது கொரோனா. மூன்றாவது குரோமோசோமில் ஏறக்குறைய 50,000 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு, நியாண்டர்தால் மனிதர்களிடமிருந்து வந்தது. அது இருப்பவர்களுக்குக் கொரோனா மூச்சுத்திணறல் வரை போகும் வாய்ப்பு ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம் என்று 2020இல் கண்டார்கள். தெற்காசியாவில் பாதிப் பேரிடமும், ஐரோப்பாவில் 16 சதவீதம் பேரிடமும் அந்தத் துண்டு இருக்கிறது. கோத்தகிரி பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேரிடம் இருக்கும் ஒன்றைப் பரிசோதித்து "உங்களுக்கு ஆபத்து" என்று சீட்டு எழுதிக் கொடுப்பதால் யாருக்கும் பிரயோசனமில்லை. வயதும் சர்க்கரையும் அதைவிடப் பல மடங்கு பேசும். ஹெப்படைடிஸ் சி வைரஸை உடம்பு தானாக விரட்டுமா என்பதைக் காட்டும் ஐ.எஃப்.என்.எல்.3 மரபணுவும் அப்படித்தான். 2009இல் கண்டுபிடித்தபோது சிகிச்சைக்கு முன் அதைப் பார்ப்பது வழக்கமானது. சோஃபோஸ்புவிர் மாதிரி மாத்திரைகள் வந்த பிறகு யாரும் கேட்பதில்லை.

இந்த மலையில் பார்க்க வேண்டிய மரபணு பழையது, சோதனை மலிவானது. 1952இல் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடியினரின் ரத்தத்தைச் சோதித்து, இந்தியாவில் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்தக் கோளாறு இருப்பதைப் பதிவு செய்தார்கள். பதினொன்றாவது குரோமோசோமில் பீட்டா குளோபின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால், ஹீமோகுளோபின் சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்து உட்கார்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் அந்த ஹீமோகுளோபின் கோத்துக்கொண்டு, சிவப்பணு அரிவாள் வடிவத்துக்கு வளைகிறது. ஒரு பிரதி மட்டும் இருப்பவர் கேரியர். அவருக்கு நோய் இல்லை, ஃபால்சிபாரம் மலேரியாவிலிருந்து நல்ல பாதுகாப்பும் உண்டு. வயநாடு, கூடலூர் அடிவாரக் காடுகளில் மலேரியா ஆண்ட காலத்தில் இந்த மாற்றம் நிலைத்ததற்குக் காரணம் அதுதான். இரண்டு பிரதியும் வந்துவிட்டால் அது நோய். பணியர், இருளர், குறும்பர் குடும்பங்களில் இருக்கிறது. வயநாடன் செட்டி குடும்பங்களிலும் இருக்கிறது. அதனால் "இது ஆதிவாசி நோய்" என்று ஒதுக்கிவிட்டால் கேஸ் கை நழுவும்.

மலேரியாவுக்கு எதிராக வந்த இந்த மாற்றம், வைரஸ் வரும்போது என்ன செய்கிறது என்பதைப் பார்வோ வைரஸ் பி19 போலத் தெளிவாகக் காட்டும் வைரஸ் வேறில்லை. 1975இல் லண்டனில் ரத்த மாதிரிகளைச் சோதிக்கும்போது 'பி' தட்டில் 19ஆம் மாதிரியில் அகப்பட்டதால் அந்தப் பெயர். சாதாரணக் குழந்தைக்கு இது இரண்டு நாள் காய்ச்சலும், கன்னத்தில் அறைந்த மாதிரி சிவப்பும்தான். பெயரே தெரியாமல் வந்து போய்விடும். ஆனால் அந்த வைரஸ் குடியேறும் இடம் எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுவை உற்பத்தி செய்யும் தாய்ச்செல்கள். அவற்றின் மேல் 'பி ஆன்டிஜன்' என்ற சர்க்கரைக் கொழுப்பு இருக்கிறது, வைரஸ் அதைப் பிடித்துத்தான் ஒட்டுகிறது. லட்சத்தில் ஒருவர் என்ற அளவில்கூடக் கிடைக்காத சிலருக்குப் பிறவியிலேயே அந்த ஆன்டிஜன் இல்லை. அவர்களுக்கு பி19 தொற்றுவதே இல்லை. தொற்றியவர்களுக்கு 7 முதல் 10 நாள் சிவப்பணு உற்பத்தி நின்றுபோகிறது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். நல்ல சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். ஒரு நாளைக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் சாகிறது. பத்து நாள் உற்பத்தி நின்றாலும் ஹீமோகுளோபின் 13 இருந்தது 12 ஆகும், அவ்வளவுதான். சிக்கிள் நோய் உள்ள குழந்தையின் சிவப்பணு 10 முதல் 20 நாள்தான் தாங்கும். மஜ்ஜை இரவு பகலாக ஓடி அந்தக் குறையை அடைத்துக்கொண்டே இருப்பதால்தான் ஹீமோகுளோபின் 8இல் நிற்கிறது. அந்த ஓட்டம் நின்றால் நாளுக்கு அரை கிராம் வரை இறங்கும். ஒரு வாரத்தில் 8 இருந்தது 4.5. அப்போது குழந்தை மூச்சு வாங்கும், மாடிப்படி ஏறாது, உதடு வெளுக்கும். கன்னச் சிவப்பு பெரும்பாலும் இருக்காது. அதனால் யாரும் பி19ஐ நினைக்கவே மாட்டார்கள்.

இந்தக் கட்டத்தில் ஒரே ஒரு சோதனை வழியைப் பிரித்துவிடும்: ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை, அதாவது புதிதாய்ப் பிறந்த சிவப்பணுக்களின் சதவீதம். சிக்கிள் குழந்தைக்கு வழக்கமாக அது 5க்கு மேல், பல சமயம் 10க்கு மேல் இருக்கும். ஒன்றுக்குக் கீழே வந்திருந்தால் மஜ்ஜை நின்றுவிட்டது என்று அர்த்தம். ரெட்டிகுலோசைட் எக்கச்சக்கமாக இருந்து, மண்ணீரல் நேற்றைவிட இன்று பெரிதாக இருந்தால் அது வேறு கதை: ரத்தம் மண்ணீரலுக்குள் போய்த் தேங்கிக்கொண்டிருக்கிறது, மணிக்கணக்கில் உயிர் போகலாம். ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு 5 வயதுக்குள் மண்ணீரல் பெரும்பாலும் சுருங்கிவிடும். நம் பக்கம் உள்ள அராபிய-இந்திய வகை சிக்கிளில் கருக்கால ஹீமோகுளோபின் அதிகமாகத் தங்குவதால் மண்ணீரல் வளர்ந்த பிள்ளைகளிலும் நிற்கும். ஆகவே 12 வயதுப் பையன் என்றாலும் வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் விடக்கூடாது. தாய்க்கே இடது விலா எலும்புக்குக் கீழே விரல் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கலாம். நலமாக இருக்கும் நாளில் எத்தனை விரல் கடை தட்டுப்படுகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தால், காய்ச்சல் நாளில் அந்த ஒரு தகவல் ஸ்கேனைவிட வேகமாக வேலை செய்யும்.

மஜ்ஜை நின்ற குழந்தைக்கு ரத்தம் ஏற்றித்தான் ஆக வேண்டும். பி19 சோதனை முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சிவப்பணு மட்டும் பிரித்த ரத்தம், கிலோவுக்கு 10 மி.லி., மூன்று நான்கு மணி நேரத்தில். ஹீமோகுளோபின் 5க்குக் கீழே இருந்தால் கிலோவுக்கு 5 மி.லி. வீதம் இரண்டு தடவையாகப் பிரித்துக் கொடுப்பது நல்லது. மெல்ல மெல்ல இறங்கிப் பழகிய இதயத்தில் திடீரென்று ஊற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஹீமோகுளோபினை 10க்கு மேல் ஏற்றக் கூடாது, ரத்தம் கெட்டியாகி அதுவே அடைப்பை உண்டாக்கும்.

இன்னொரு சிக்கல் இங்கே அடிக்கடி தலைகாட்டும். ரத்தம் வேண்டும் என்றதும் சித்தப்பாவும் தாய்மாமனும் ஜீப் பிடித்து வந்து நிற்பார்கள். சிக்கிள் குடும்பத்தில் அவர்களில் ஒருவர் கேரியராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கேரியரின் ரத்தத்தைச் சிக்கிள் நோயாளிக்கு ஏற்றக் கூடாது. வெள்ளணு வடிகட்டியில் அந்த ரத்தம் அடைத்துக்கொண்டு இறங்காமலும் நிற்கும். "நம்ம ரத்தம் நம்ம பிள்ளைக்கு ஆகாதா சிஸ்டர்?" என்று கேட்பார்கள். முகம் வாடாமல் சொல்ல வேண்டும்: "உங்க ரத்தம் நல்ல ரத்தம்தான் அண்ணே, வேற நோயாளிக்கு ஆகும். இவனுக்கு மட்டும் வேற ஆள் ரத்தம் எடுப்போம்." ரத்த வங்கியில் ஏ, பி, ஓ பொருத்தத்தோடு நிறுத்தாமல் ஆர்.எச். சி, ஈ மற்றும் கெல் என்ற மற்ற ரத்தவகைகளின் பொருத்தமும் கேட்டு வாங்கினால், வாழ்நாள் முழுக்க ரத்தம் தேவைப்படும் பிள்ளைக்குப் பின்னாளில் எதிர்ப்பொருள் உருவாகாமல் தப்பிக்கலாம்.

வீட்டில் இன்னொரு பிள்ளைக்கும் சிக்கிள் இருந்தால், அடுத்த இரண்டு மூன்று வாரம் அந்தப் பிள்ளைமேல் கண் இருக்க வேண்டும். பி19 ஒரே வீட்டில் அடுத்தடுத்து இறங்கும், உள்ளே பதுங்கும் காலம் 4 முதல் 14 நாள். முதல் பிள்ளையைச் சேர்த்த அன்றே இரண்டாவது பிள்ளைக்கும் ஹீமோகுளோபினும் ரெட்டிகுலோசைட்டும் பார்த்துவிட வேண்டும். கர்ப்பிணி அந்த வார்டுக்குள் வரக் கூடாது, நர்ஸாக இருந்தாலும் சரி, அத்தையாக இருந்தாலும் சரி. கருவின் சிவப்பணு உற்பத்தியையும் அந்த வைரஸ் நிறுத்தும். ஒருமுறை வந்து போனால் பொதுவாக மறுபடி வராது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

சிக்கிள் இருக்கிறதா என்று பார்க்க முகாம்களில் செய்வது கரைதிறன் சோதனை. சோடியம் டைதயோனைட், பாஸ்பேட் உப்பு, சாபோனின் கலந்த கரைசல் 2 மி.லி. குழாயில் ஊற்றி, 20 மைக்ரோ லிட்டர் ரத்தம் விட்டுக் கலக்கி, 5 நிமிடம் வைத்து, கோடு போட்ட தாளின் முன்னால் ஒரு அங்குலம் தள்ளிப் பிடித்துப் பார்க்க வேண்டும். கோடு தெரிந்தால் இல்லை. கலங்கி மறைந்தால் சிக்கிள் இருக்கிறது. கேட்பதற்குச் சுலபம். தேவாலா மழையில் அதுதான் தகராறு செய்யும். டைதயோனைட் ஈரம் உறிஞ்சினால் வீரியம் போய்விடும், அப்புறம் சிக்கிள் ரத்தமும் கலங்காது, எல்லாருக்கும் "இல்லை" என்றே வரும். பொடியைச் சிறு சிறு பொட்டலமாகக் காற்றுப் புகாமல் வைத்து, ஒரு பொட்டலம் பிரித்தால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த கரைசலை நேரே பயன்படுத்தவும் கூடாது. ஊட்டியில் டிசம்பர் காலை அறை வெப்பமே போதாது, கையில் பிடித்துச் சூடு ஏற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஒவ்வொரு தடவையும் ஏற்கெனவே தெரிந்த ஒரு கேரியர் ரத்தமும், சிக்கிள் இல்லாத ஒரு ரத்தமும் பக்கத்தில் ஓட வேண்டும். அந்த இரண்டு குழாய் இல்லாத முகாமின் முடிவை நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை.

ஹீமோகுளோபின் 7க்குக் கீழே இருந்தால் 20 மைக்ரோ லிட்டர் போதாது, 40 விட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்தச் சோதனை ஆகாது, கருக்கால ஹீமோகுளோபின் மறைத்துவிடும். மூன்று மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியிருந்தால் நாம் பார்ப்பது கொடுத்தவரின் ரத்தமாக இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தச் சோதனை கேரியரையும் நோயாளியையும் பிரித்துச் சொல்லாது. இரண்டு பேர் குழாயும் கலங்கத்தான் செய்யும். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. சோதனையின் முடிவு வரும் முன்பே "சிக்கிள் இருக்கு" என்று ஊருக்குள் பேச்சை விட்டுவிட்டால், நல்ல ஆரோக்கியமான கேரியர் பெண்ணுக்கு நோயாளிப் பட்டம் வந்து சேரும். 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய சிக்கிள் ஒழிப்புத் திட்டத்தில் 40 வயது வரை 7 கோடிப் பேரைச் சோதிப்பது இலக்கு. குழாய்கள் பெருகப் பெருக இந்தக் குழப்பமும் பெருகும்.

சிக்கிள் உள்ளவருக்கு டெங்கு வந்தால் ஓ.பி. சீட்டில் உள்ள 'நார்மல்' எல்லாம் பொய்யாகிவிடும். டெங்குவில் ரத்தநாளத்திலிருந்து நீர் கசிவதை ஹிமடோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுவின் சதவீதம், ஏறுவதை வைத்துப் பிடிக்கிறோம். வழக்கமான அளவிலிருந்து 20 சதவீதம் ஏறினால் கசிவு என்று கணக்கு. சிக்கிள் பிள்ளைக்கு வழக்கமான அளவே 24. அது 29 ஆனால் 20 சதவீதம் ஏறிவிட்டது, கசிவு ஓடிக்கொண்டிருக்கிறது. சீட்டைப் பார்ப்பவர் "29தானே, ரத்தசோகை" என்று விட்டுவிடுவார். ஆகவே நலமாக இருக்கும் நாளில் எடுத்த ஹீமோகுளோபின், ஹிமடோகிரிட், ரெட்டிகுலோசைட், மண்ணீரல் அளவு, ஆக்சிஜன் அளவு ஐந்தையும் ஒரு அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டோடு வைக்கச் சொல்லுங்கள்.

ஆக்சிஜன் அளவுக்கு இந்த மலையில் ஒரு கூடுதல் குழப்பம். கூடலூர் சுமார் 1,000 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. ஊட்டியில் எந்த நோயும் இல்லாதவருக்கே விரல் கருவி 94, 95 காட்டும். சிக்கிள் உள்ளவருக்கு அதற்கும் கீழே இருக்கலாம், அது அவருக்குச் சகஜம். ஃப்ளூ வந்து நெஞ்சு வலியும் இருமலும் சேர்ந்து, தன் வழக்கமான அளவிலிருந்து 3 புள்ளி இறங்கினால் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்காமல் அனுப்பக் கூடாது. இன்னொன்று: கூடலூரிலிருந்து பிள்ளையை மேலே ஊட்டிக்குக் கொண்டுபோகும்போது கல்லட்டியோ நடுவட்டமோ எந்த வழியானாலும் குளிர் தாக்கும். குளிரே வலியைக் கிளப்பும். கம்பளி, வெந்நீர்க் குடுவை, வாந்தி வந்தால் குடிக்க உப்பு-சர்க்கரைக் கரைசல், மூன்றும் வண்டியில் இருக்கட்டும். சிக்கிள் சிறுநீரகத்தால் நீரைத் தேக்க முடியாது. வயிற்றுப்போக்கு வந்தால் மற்றப் பிள்ளையைவிடச் சீக்கிரம் வறண்டுவிடும்.

சிக்கிள் உள்ளவருக்குக் காய்ச்சல் 101.3 டிகிரியைத் தாண்டினால் "வைரலாத்தான் இருக்கும்" என்று வீட்டில் வைக்கக் கூடாது. மண்ணீரல் வேலை செய்யாத உடம்பில் நியூமோகாக்கஸ் பாக்டீரியா ஒரே இரவில் முடித்துவிடும். வைரஸ்தான் என்று உறுதியாகும்வரை ஊசி ஆன்டிபயாடிக் போட வேண்டும். தொற்று வராமல் தடுக்க, சிக்கிள் பிள்ளைக்கு 3 வயதுக்குள் பென்சிலின் 125 மி.கி. தினம் இரண்டு வேளை, பிறகு 5 வயது வரை 250 மி.கி. வருடா வருடம் ஃப்ளூ தடுப்பூசி. சிக்கிளுக்கான ஹைட்ராக்சியூரியா மருந்து சாப்பிடுகிறவர் டெங்குக் காய்ச்சலில் வெள்ளணு, தட்டணு விழுந்தால் அதை நிறுத்திவிட்டு, எண்ணிக்கை ஏறிய பிறகு டாக்டரிடம் கேட்டுத் தொடங்க வேண்டும். ரத்தசோகை என்றதும் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் பழக்கம் இவர்களுக்கு ஆகாது, உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்காமல் தொட வேண்டாம். ஃபோலிக் அமிலம்தான் தேவை.

சிவப்பணுவைக் காக்கும் ஜி6பி.டி. என்ற நொதியின் குறைபாடும் இதே பக்கத்துச் சரக்கு. எக்ஸ் குரோமோசோமில் வருவதால் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு. மஞ்சள் காமாலை வைரஸ் ஏ வந்தால் சிவப்பணு உடைந்து சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும், மஞ்சள் நிறம் தரும் பிலிருபின் பயமுறுத்தும் அளவுக்கு ஏறும். உடையும் நேரத்தில் சோதித்தால் பழைய செல்கள் எல்லாம் செத்து, புதிய செல்களே மிஞ்சியிருப்பதால் 'சரியாக இருக்கிறது' என்று முடிவு வரும். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

மற்றபடி, ஆயிரக்கணக்கில் செலவாகும் மரபணு வரிசைப்படுத்தலைவிடப் பாட்டியிடம் கால் மணி நேரம் உட்கார்ந்து பேசுவது அதிகம் தரும். "பாட்டி, உங்க கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு? சின்ன வயசுலயே தவறினது யாராச்சும் உண்டா? ஆம்பளப் புள்ளையா?" தாய் வழியில் ஆண் பிள்ளைகள் மட்டும் ஒரு வயதுக்குள் தொற்றில் இறந்திருந்தால் மணி அடிக்க வேண்டும். எக்ஸ் குரோமோசோம் வழி வரும் எதிர்ப்புச் சக்திக் குறைபாடுகள் அப்படித்தான் இறங்கும். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் பிறக்கும் பிள்ளைக்கு ஒரு மரபணுவின் இரு பிரதியும் ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு 16இல் 1. அக்கா மகளைக் கட்டினால் 8இல் 1. இதைக் குற்றம் சொல்லும் தொனியில் கேட்டால் அடுத்த கேள்விக்குப் பதில் வராது.

அப்படிச் சந்தேகம் வந்த வீட்டில் அடுத்த குழந்தை பிறந்தால், பி.சி.ஜி., ரோட்டா, சொட்டு மருந்து போன்ற உயிருள்ள தடுப்பு மருந்துகளைக் கொடுக்கும் முன் ஒரு சாதாரண ரத்த எண்ணிக்கை பாருங்கள். மொத்த வெள்ளணுவை, அதில் ஒரு வகையான லிம்போசைட்டின் சதவீதத்தால் பெருக்கினால் போதும்: 6,000இல் 30 சதவீதம் என்றால் 1,800. பெரியவருக்கு அது சரியான அளவு. கைக்குழந்தைக்கு 2,500க்குக் கீழே என்றாலே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய அளவு. பல லேப் சீட்டுகளில் பெரியவர் அளவே 'நார்மல்' என்று அச்சடித்திருப்பதால் இது தவறிப்போகிறது.

ஊட்டி சீசனில் தங்கும் விடுதிகளில் கிளம்பும் வாந்தி-பேதிக்கும் மரபணுவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. நோரோ வைரஸின் முக்கியமான வகைகள் குடலில் 'எச்' என்ற சர்க்கரையைப் பிடித்துத்தான் ஒட்டுகின்றன. எஃப்.யு.டி.2 மரபணு வேலை செய்யாதவர்களின் குடலிலும் எச்சிலிலும் அது இல்லை. ஐரோப்பியர்களில் ஐந்தில் ஒருவர் அப்படி. எச்சிலை வைத்தே சோதிக்கலாம்: 2 மி.லி. எச்சிலைக் குழாயில் கொதிநீரில் 10 நிமிடம் வைத்துச் சுழற்றி, மேல்தெளிவை எடுத்து, 'எச்'சைப் பிடிக்கும் லெக்டின் என்ற புரதத்தோடு கலந்து, ஓ வகை ரத்தத்தின் சிவப்பணுவைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். செல் திரண்டால் எச்சிலில் 'எச்' இல்லை. வேடிக்கை என்னவென்றால் அந்த லெக்டினை எடுப்பது யூலெக்ஸ் யூரோபேயஸ் விதையிலிருந்து. ஊட்டிப் புல்வெளிகளை அடைத்துக்கொண்டு மஞ்சளாய்ப் பூக்கும், எல்லாரும் வெட்டி எறியச் சொல்லும் அதே முள்புதர்தான். ஆனால் எச்சில் சோதனை செய்து எந்தச் சமையல்காரரையும் 'இவருக்கு வராது' என்று விட முடியாது, எஃப்.யு.டி.2 பற்றிக் கவலைப்படாத நோரோ வகைகளும் உண்டு. ஆல்கஹால் சானிடைசரும் இந்த வைரஸுக்குப் பெரிதாகப் பயப்படாது. சோப்பும் தண்ணீரும்தான். வாந்தி பட்ட தரைக்கு லிட்டருக்கு 3, 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்ற வேண்டும். பவுடர் மழையில் கட்டி தட்டியிருந்தால் வீரியம் போயிருக்கும், புது மூட்டை பிரியுங்கள்.

கடைசியாக, மரபணுவைத் தேடக் கூடாத இடம். 1957இல் ஷிமோகா பக்கம் கியாசனூர் காட்டில் கண்டுபிடித்த குரங்குக் காய்ச்சல், 2012-13இல் பந்திப்பூர், முதுமலை, வயநாடு என்று இந்தப் பக்கம் எட்டிப்பார்த்தது. அது முதலில் யாரைத் தாக்கும் என்றால் விறகு பொறுக்குபவர், தேன் எடுப்பவர், வாட்சர், மாடு மேய்ப்பவர். அவர்களில் பலர் பழங்குடியினர் என்பதால் "அவங்க ரத்தத்துக்கே வருது" என்று பேசுவது சுத்தப் பிசகு. அவர்கள் காலில் உண்ணி ஏறுகிறது, அவ்வளவுதான். அதே காட்டில் நடந்த சுற்றுலாப் பயணிக்கும் ஏறும். குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் வெறிநாய்க்கடியோடு மல்லுக்கு நிற்கிறது. அந்த நோயிலும் 'எங்க பரம்பரைக்கு வராது' என்று நம்பி ஊசியைத் தள்ளிப்போட இடமே இல்லை.

குரங்குக் காய்ச்சலுக்குப் போட்டுவந்த பழைய தடுப்பூசி நிறுத்தப்பட்டுவிட்டதால் கையில் இருப்பது உண்ணியைத் தடுப்பது மட்டுமே. டிசம்பர் முதல் மே வரை காட்டுக்குப் போகிறவர் பேன்ட்டைக் காலுறைக்குள் செருகி, பூச்சி விரட்டி எண்ணெய் தடவிக்கொண்டு போகட்டும். திரும்பியதும் வெந்நீரில் குளித்து, முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காது மடல் பார்க்கட்டும். ஒட்டிய உண்ணியை மண்ணெண்ணெய் ஊற்றியோ பீடி நெருப்பு வைத்தோ எடுக்காமல், நுனி மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். செத்த குரங்கைத் தொடாமல் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். காய்ச்சலோடு வருகிறவரிடம் முந்தைய பத்து நாளில் எந்தக் காட்டுப் பக்கம் போனார் என்று கேட்டு ஓ.பி. சீட்டில் எழுதுங்கள். சிக்கிள் அட்டை இருந்தால் அந்த எண்களையும் அதற்குக் கீழேயே எழுதிவிடுங்கள்.